முட்டை வந்தது, எரு வரவில்லை

மாலத்தீவின் வடபகுதியில் உள்ள ஒரு சிறு தீவில் மூன்றாண்டுகள் கணித ஆசிரியராக இருந்தேன். போய்ச் சேர்ந்த வாரத்தில் அங்காடியில் முட்டை வாங்கியபோது, அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் எங்கள் ஊர்ப் பெயர் அச்சாகியிருந்தது: நாமக்கல். 2024-25 ஆம் நிதியாண்டுக்கு மட்டும் 42 கோடியே 75 லட்சத்துக்கும் அதிகமான முட்டைகளை மாலத்தீவுக்கு ஏற்றுமதி செய்ய இந்திய அரசு ஒதுக்கீடு அறிவித்தது என்பதைப் பின்னர் செய்தியில் படித்தேன். அந்த முட்டைகளை இடும் கோழிகளின் எரு எங்கள் பகுதியின் மரவள்ளிக் காட்டுக்கும் கரும்புக் காட்டுக்கும் போய்விடுகிறது. எரு மிகுதியாகத் தேவைப்படும் பவள மணலுக்கோ முட்டை மட்டுமே கடல் கடந்து வருகிறது.

அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தேவை புரியும். பவளமும் சங்கும் சிப்பியும் பொடிந்த அந்த மணல் பெரும்பாலும் சுண்ணாம்பே. அதன் கார அமில நிலை 8க்கு மேல் இருப்பதால் இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டுவதில்லை. நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாக வெளுத்த பப்பாளி இலைகளை வீட்டுக்கு வீடு பார்த்தேன். இட்ட தண்ணீரும் உரமும் தங்காமல் அடியில் இறங்கிவிடும்.

தீவின் கோடியில் சில நூறு முட்டைக்கோழிகள் வளர்க்கும் பண்ணை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் கூண்டுக்கு அடியில் விழுந்த எருவை மூட்டையில் கட்டிக் கொடுத்தார். ஊரில் என் தந்தை செய்ததைப் போலவே பள்ளித் தோட்டத்துப் பப்பாளிக் கன்றுகளின் தூரில் அதைப் பச்சையாகவே போட்டேன். பத்து நாளில் பாதிக் கன்றுகள் கருகிவிட்டன. கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் ஈரம் பட்டவுடன் அம்மோனியாவாக மாறத் தொடங்கும் என்பதும், சுண்ணாம்பு மணலில் அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளாமல் வாயுவாகவே நின்று இளம் வேரைச் சுட்டுவிட்டு, நாம் விரும்பிய தழைச்சத்தையும் காற்றோடு கொண்டுபோய்விடும் என்பதும் அதன் பிறகே எனக்கு விளங்கின.

முட்டைக்கோழி எருவுக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. ஓடு உருவாக வேண்டும் என்பதற்காக அதன் தீவனத்தில் மூன்றரை முதல் நான்கு சதவீதம் வரை சுண்ணாம்புச் சத்து சேர்க்கிறார்கள். ஓட்டுக்குப் போகாத மீதி எருவில் இறங்குகிறது. சமோவா, மொரீசியஸ் போன்ற எரிமலைத் தீவுகளின் அமிலத்தன்மையுள்ள மண்ணுக்கு அது கூடுதல் நன்மை. பவளத் தீவில் அது சுண்ணாம்போடு சுண்ணாம்பு சேர்வதாகவே முடியும். ஆகவே அங்கே எருவை மட்டும் தனியாக இடுவதைவிட, தாவரக் கழிவோடு சேர்த்து மக்க வைத்து, கரிமப் பொருளாக இடுவதே சரி என்று உறுதியாக நம்புகிறேன்.

இதைவிடப் பெரிய காரணம் நிலத்தடி நீர். இத்தகைய தீவுகளில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடர்த்தி மிகுந்த கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. சில அடி தோண்டினாலே கிணற்றில் நீர் தெரியும். மேலே கொட்டிய எருவின் தழைச்சத்து, நீரில் எளிதில் கரையும் நைட்ரேட்டாக மாறி அந்த நீரை எட்டுவதற்கு ஒரு கனமழை போதும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதை மீறினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். மழைநீரையும் சுத்திகரித்த கடல்நீரையும் குடிக்கும் தீவுகளிலும்கூட, கப்பல் தாமதமாகி இயந்திரம் பழுதான நாளில் மக்கள் திரும்பிப் பார்ப்பது அந்தக் கிணற்றைத்தான்.

எனவே கிணறுகளுக்கு எட்டாத மேட்டில், சிமெண்ட் தரையும் தகரக் கூரையும் போட்ட ஓர் இடத்தில் குவியல் அமைத்தோம். எரு ஒரு பங்கு, காய்ந்த இலையும் நறுக்கிய தென்னை மட்டையும் மூன்று பங்கு. இலைகளில் பெரும்பகுதி, திருச்செந்தூரில் திருநீறு மடித்துத் தரும் அதே பன்னீர் மரத்தின் இலைகள். கடற்கரையெங்கும் அந்த மரம் நிற்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குவியலின் உள்வெப்பம் 55 பாகைக்கு மேல் சில நாட்கள் நின்றால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அழியும். வாரம் ஒருமுறை புரட்டி, மூன்று மாதம் காத்திருந்தோம். ஹுல்ஹங்கு எனப்படும் தென்மேற்குப் பருவமழையின் வேகம் தணிந்த பிறகே, சிறிது சிறிதாகப் பலமுறை இட்டோம்.

வகுப்பில் பிள்ளைகளோடு போட்ட கணக்கு இது. ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் ஈர எரு இடும். அதில் முக்கால் பங்கு நீர். ஆயிரம் கோழிகளிடமிருந்து ஆண்டுக்கு 40 டன் ஈர எரு, உலர்ந்தால் 10 டன். அந்தக் கோழிகள் உண்ணும் சோளமும் சோயாவும் கப்பலில் வந்தவை. அவற்றிலுள்ள சத்தின் பெரும்பகுதி எருவாகத் தீவிலேயே தங்குகிறது. நோய் பரவும் அச்சத்தால் பச்சை எருவை நாடு விட்டு நாடு அனுப்ப முடியாது, கூடவும் கூடாது. ஆனால் தீவனம் வரலாம். முட்டைக்காக மட்டுமல்லாமல் மண்ணுக்காகவும் தீவுக்கூட்டம் தோறும் சிறு பண்ணைகள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் ஊர் திரும்பிய மாதத்தில் நான்காவது குவியல் வெந்துகொண்டிருந்தது. இரண்டு மாணவிகள் நீண்ட வெப்பமானியை அதற்குள் செருகி, 58 என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.