ஜன்னலைத் திறக்கவா, மூடவா? வெயிலும் புகையும் சேர்ந்து வரும் நாட்களில் இதயமும் நுரையீரலும்

2022 ஏப்ரல் 27 அன்று சென்னையின் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்தது. முழுசாக அணைக்கச் சில நாட்கள் ஆயின. கத்திரி தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. அந்த மாதிரி நாளில் ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். மெயின் ரோட்டை ஒட்டிய வீடுகளுக்கு மே மாதம் முழுக்கவே இந்த இக்கட்டு உண்டு. வெயிலுக்குச் சொல்லும் யோசனையும் புகைக்குச் சொல்லும் யோசனையும் ஒன்றையொன்று வெட்டும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர் இருக்கும் வீட்டில் எதற்கு எப்போது முதலிடம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வெயிலில் உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது, வியர்க்கிறது. தோலின் ரத்த நாளங்கள் விரிந்ததும் அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. உட்சூடு 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 கூடும். வியர்த்து நீர் போகப் போக ரத்தம் கெட்டியாகும். புகையில் உள்ள பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை இறங்கி அழற்சியைக் கிளப்புகிறது. ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. நாளத்தை வெயில் விரிக்கப் பார்க்கிறது, புகை இறுக்கப் பார்க்கிறது. ரத்தம் உறையும் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே பக்கம். போதாததற்கு வெக்கையில் மூச்சு வேகமாகி வாயால் இழுக்கிறோம். மூக்கின் வடிகட்டலும் போய்விடுகிறது.

ஓசோன் தனிக் கதை. அது எந்தக் குழாயிலிருந்தும் வருவதில்லை. வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயின்ட் ஆவிகளும் வெயிலில் கலந்து உருவாகிறது, அதனால் உச்சி வெயிலுக்குப் பிறகு பிற்பகலில்தான் அதிகம். மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி வீசிங்கைக் கிளப்பும். கண்ணுக்குத் தெரியாது. என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், ஓசோனைத் தடுக்காது.

கலிபோர்னியாவில் 2014 முதல் 2019 வரை நிகழ்ந்த சுமார் 15 லட்சம் மரணங்களை ஆராய்ந்தார்கள். கடும் வெயில் மட்டும் இருந்த நாளில் மரண அபாயம் சுமார் 6 சதவீதம் கூடியது, நுண்துகள் மட்டும் மிகுந்த நாளில் 5 சதவீதம். இரண்டும் சேர்ந்த நாளில் 21 சதவீதம். ஆறும் ஐந்தும் பதினொன்றுதானே? மீதி, இரண்டும் கைகோத்ததால் வந்தது. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் மாரடைப்பால் இறந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வில், கடும் வெப்ப அலை 4 நாள் நீடித்து, பி.எம். 2.5 கன மீட்டருக்கு 37.5 மைக்ரோகிராமையும் தாண்டியபோது, உயிர் போகும் மாரடைப்பின் அபாயம் இரு மடங்கானது.

அந்த 37.5-ஐ மனதில் வையுங்கள். நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டில் பி.எம். 2.5 கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை ‘திருப்திகரம்’, நிறம் இளம்பச்சை. உலக சுகாதார நிறுவனம் 24 மணி நேரத்துக்குச் சொல்லும் வரம்போ 15. ஆகவே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் இளம்பச்சையைப் பார்த்துவிட்டு ஸ்டென்ட் வைத்த அப்பாவை மதியம் பேங்குக்கு அனுப்பாதீர்கள். தவிர, துகளுக்கு அந்தக் குறியீடு காட்டுவது 24 மணி நேரச் சராசரி. பக்கத்துத் தெருவில் குப்பை எரிந்தால் எண் மெதுவாகத்தான் ஏறும். உங்கள் மூக்கு அதற்கு முன்பே சொல்லிவிடும்.

ஏ.சி. இல்லாத வீட்டில் காலை 8 மணிக்குள் வெயில் படும் பக்கத்தையும் ரோட்டுப் பக்கத்தையும் மூடித் திரை இழுத்துவிடுங்கள். ஓசோன் சுவரிலும் துணியிலும் பட்டு அழிவதால், மூடிய அறைக்குள் வெளியைவிட நன்றாகவே குறைவு. வீட்டுக்குள் ஒரு வெப்பமானி, பால்கனி நிழலில் ஒன்று வையுங்கள். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைத் தாண்டினால், ரோட்டுக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சூடும் புகையும் மோதினால் பெரும்பாலும் சூட்டைத்தான் முதலில் கவனிப்போம், அது சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். பக்கத்தில் ஏதாவது எரிந்து புகை அறைக்குள் நேராக வந்தால் மட்டும் விதிவிலக்கு: அந்த நாளில் நோயாளியை வேறு வீட்டுக்கு அனுப்புவதே சரி. அறை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் அனலைத்தான் வீசும். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட வேண்டும்.

இரவு 10 மணிக்கு மேல், வண்டிகள் அடங்கியபின், எல்லா ஜன்னலையும் திறக்கலாம். திறந்துவிட்டுக் கொசுவர்த்தி ஏற்றாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகளை விடுவதாக அளந்திருக்கிறார்கள். கொசுவலை போதும்.

அதிகம் பேர் கவனிக்காதது மாத்திரை. நீர் பிரியும் மாத்திரை வெயிலில் உடம்பை இன்னும் வற்றவைக்கும். பி.பி.க்கும் இதய நோய்க்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஆனால் கத்திரிக்கு முன்பே டாக்டரிடம் அளவைக் கேட்டுவிடுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பாருங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு 3 நாளில் 2 கிலோ ஏறினால் நீர் கோக்கிறது. அதே அளவு இறங்கினால் வற்றுகிறது. இரண்டுக்கும் டாக்டருக்குப் போன் போட வேண்டும். உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பி.பி. பாருங்கள், மேல் எண் 20 குறைந்தால் சொல்லுங்கள். இளநீர் எல்லாருக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவரும் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ்.-ஸில் உப்பு உண்டு, பி.பி. உள்ளவர் அதைத் தினசரி பானமாக்கக் கூடாது. இன்ஹேலரைக் காரிலோ வண்டிப் பெட்டியிலோ விடாதீர்கள், சூட்டில் அந்த டப்பா வெடிக்கலாம்.

நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, படுத்தால் மூச்சு வாங்குதல், பேச்சு குழறுதல், இவை வெயில் நாளில் வந்தால் கேஸ் என்றோ வெயில் மயக்கம் என்றோ சோடா கொடுத்துக் காத்திராதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் சாய்த்து உட்காரவையுங்கள், நடக்கவிட வேண்டாம். உடம்பு கொதித்து நினைவு தப்பினால், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடம்பை நனைத்து விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.