ஒரே டிஷ், இரண்டு அறை, இரண்டு சேனல்

கூடத்தில் டிஷ் இணைப்போடு ஒரு டிவி ஏற்கெனவே இருந்தது. உள் அறையில் அப்பாவுக்கென்று இன்னொன்று மாட்டினோம். மாடியில் இருக்கும் ஒரே டிஷ்ஷிலிருந்து அதற்கும் எப்படிப் படம் கொண்டுபோவது என்று விசாரித்தால், ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போடு என்றார் ஒருவர். எச்.டி.எம்.ஐ. கேபிளை நீளமாக இழுத்துவிடு என்றார் இன்னொருவர். வயரே வேண்டாம், எல்லாம் காற்றிலேயே போகும் என்று அடித்துச் சொன்னவரும் உண்டு. ஆனால் இரண்டு அறையிலும் ஒரே சேனல் ஓடினால் போதுமா, வேறு வேறு சேனல் ஓட வேண்டுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. என்ன வாங்குவது, எத்தனை கேபிள் இழுப்பது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது.

அப்பாவைக் கேட்டேன். "எனக்கென்னப்பா, நீங்க பாக்கறதையே நானும் பாத்துட்டுப் போறேன்" என்றார். சரி, அப்படியானால் செட்டாப் பாக்ஸ் ஒன்றே போதும். பாக்ஸிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. வெளியீட்டை இரண்டாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கினோம். ஒரு முனை கூடத்து டிவிக்கு. இன்னொரு முனை உள் அறைக்குப் போக வேண்டும். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினாலே படம் விட்டுவிட்டு வரும் என்பதால், நெட்வொர்க்குக்குப் போடும் கேட்-6 கேபிளில் படத்தை அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஜோடியைப் போட்டோம். அதோடு, ரிமோட்டின் அகச்சிவப்பு சிக்னலைக் கொண்டுபோகும் ஐ.ஆர். வயர் இரண்டு வந்தது. உள் அறை டிவிக்குக் கீழே ஒட்டும் "கண்" ரிமோட் அழுத்துவதை வாங்கி அனுப்பும். கூடத்து பாக்ஸின் முகத்தில் ஒட்டும் குட்டி விளக்கு அதை பாக்ஸுக்குச் சொல்லும். அப்பா படுத்தபடியே சேனல் மாற்றலாம்.

வேலை செய்ததா என்றால், செய்தது. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. உள்ளே அப்பா செய்திக்கு மாற்றினால் வெளியே மேட்ச் போய்விடும். பையன் திரும்ப மாற்றுவான். அப்பா மறுபடி மாற்றுவார். இது ஒரு பக்கம் இருக்க, கூடத்து டிவி புதியது, அப்பாவுடையது பழையது. பிரிப்பான் பெட்டி இரண்டு டிவியாலும் காட்ட முடிந்த தரத்துக்குப் படத்தை இறக்கிவிட்டது. ஒவ்வொரு டிவியும் ஒலியைத் தன் வேகத்தில் தாமதப்படுத்தும் என்பதால், இரண்டும் ஓடும்போது வீடு முழுக்க எதிரொலி. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒருவர் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இந்த ஏற்பாடு கச்சிதம். எங்கள் வீட்டுக்கு இல்லை.

ஆக இரண்டாவது பாக்ஸும் அதற்கான சந்தாவும் வாங்கினோம். பொருத்த வந்தவர், "எதுக்கு சார் புதுசா எல்.என்.பி.? ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டா போதும்" என்று (எல்.என்.பி. என்பது டிஷ்ஷின் கை முனையில் இருந்து சிக்னலை வாங்கும் சின்னப் பெட்டி), டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளில் இருவழிப் பிரிப்பானைச் செருகி, இரண்டு அறையிலும் படம் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே அப்பாவின் செய்தி சேனல் "சிக்னல் இல்லை" என்றது. சற்று நேரத்தில் தானாக வந்தது. மறுபடி போனது. மழை இல்லை, காற்று இல்லை. சில சேனல்கள் போகவே இல்லை என்பதுதான் விசித்திரம். கூடத்து பாக்ஸை ரிமோட்டில் அணைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. அதன் பிளக்கைப் பிடுங்கினேன். உள் அறையில் செய்தி வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் வந்து நின்றார். ஆக, அணைத்து வைத்த பாக்ஸ்கூட கேபிள் வழியாக மேலே எதையோ அனுப்பிக்கொண்டிருக்கிறது.

அது மின்சாரம். எல்.என்.பி.க்குத் தனி மின் இணைப்பு கிடையாது. பாக்ஸ்தான் படம் வரும் அதே கேபிளில் அதற்கு மின்சாரம் கொடுக்கிறது. அந்த வோல்டேஜே கட்டளையும்கூட. 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து அலைகளை எடுத்துத் தரும், 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்ட அலைகளை. யுனிவர்சல் வகை என்றால், 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் மேல் அலைவரிசைக்கு மாறும். செயற்கைக்கோளிலிருந்து கே.யூ. பேண்டில், 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை வருவது முழுவதையும் கேபிள் தாங்காது. எல்.என்.பி. அதில் கேட்ட பகுதியை மட்டும் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கிக் கீழே அனுப்புகிறது. ஒரே வெளியீடு உள்ள எல்.என்.பி. ஒரு நேரத்தில் ஒரு கட்டளைக்குத்தான் கீழ்ப்படியும். இரண்டு பாக்ஸ் இரண்டு விதமாகக் கேட்டால், எங்களுக்குப் போட்ட மாதிரிப் பிரிப்பானில் அதிக வோல்டேஜ் ஜெயிக்கும். பையன் 18 வோல்ட் சேனலில் இருக்கும்வரை, 13 வோல்ட் தேவைப்படும் அப்பாவின் செய்திக்கு வழியில்லை. பாக்ஸின் சிக்னல் விவரப் பக்கத்தைத் திறந்து போகும் சேனல், போகாத சேனல் என்று எழுதிப் பார்த்தேன். போனதெல்லாம் 'வி' (செங்குத்து), போகாததெல்லாம் 'எச்' (கிடைமட்டம்).

ஸ்ப்ளிட்டர் யோசனையைச் சொல்பவர்களையும் குறை சொல்ல முடியாது. பழைய ஆன்டெனாவில் அது சரியாகவே வேலை செய்தது. ஆன்டெனா யார் சொல்லையும் கேட்காமல் எல்லா சேனலையும் ஒரேயடியாக இறக்கிவிடும், அதைப் பல டிவிக்குப் பிரிக்கலாம். டிஷ் அப்படி இல்லை. இரண்டு அறையிலும் ஒரே கட்டளையில் வரும் சேனல்களையே பார்ப்பவர்கள் இதில் கோளாறே இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.

தீர்வு, இரண்டு வெளியீடு உள்ள ட்வின் எல்.என்.பி. டிஷ் அதே டிஷ், கோணமும் அதே கோணம். ஒவ்வொரு வெளியீடும் தனித்தனி எல்.என்.பி. போலவே நடந்துகொள்ளும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் மாடியிலிருந்து ஒரு தனிக் கேபிள் இறங்க வேண்டும், அவ்வளவுதான். வாங்கும்போது பழைய எல்.என்.பி.யின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. அதில் எல்.ஓ. (அலைகளைக் கீழே இறக்க எல்.என்.பி. பயன்படுத்தும் அதிர்வெண்) என்று போட்டிருக்கும் எண் (யுனிவர்சலில் 9.75, 10.6 கிகாஹெர்ட்ஸ்) புதியதிலும் அதுவாகவே இருக்க வேண்டும். இன்னொன்று, நான்கு வெளியீடு உள்ள எல்.என்.பி.களில் குவாட் வேறு, குவாட்ரோ வேறு. குவாட் நான்கு பாக்ஸுக்கு நேராகக் கொடுக்கும். குவாட்ரோவை, அதன் வெளியீடுகளைப் பல பாக்ஸுக்குப் பங்கிடும் மல்டிஸ்விட்ச் இல்லாமல் பயன்படுத்த முடியாது. டைசெக் ஸ்விட்ச் என்று ஒன்றை எடுத்து நீட்டினால் அதையும் வாங்க வேண்டாம். பல எல்.என்.பி.யை ஒரு பாக்ஸுக்குக் கொடுப்பது அதன் வேலை, நமக்கு வேண்டியது அதன் தலைகீழ்.

மாற்றும் வேலையை நானே செய்தேன். முதலில் இரண்டு பாக்ஸின் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். கேபிளில் வோல்டேஜ் இருக்கும்போது கனெக்டரைத் திருகினால், நடுக்கம்பி வெளிவளையத்தைத் தொட்டு பாக்ஸுக்கே சேதம் வரலாம். பழைய எல்.என்.பி.யைக் கழற்றும் முன், அது கிளாம்பில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டேன். புதியதை அதே கோட்டில் வைத்ததும் படம் வந்துவிட்டது. ஆனாலும் மனைவி கீழே சிக்னல் பக்கத்தைப் பார்த்து போனில் எண் சொல்ல, நான் மேலே எல்.என்.பி.யைக் கடிகார முள் போல இப்படியும் அப்படியும் இம்மி இம்மியாகத் திருப்பினேன். பார்க்க வேண்டியது 'வலு' அல்ல, 'தரம்'. வலு அசையாமல் நிற்கும்போதே தரம் ஏறி இறங்கும். அது உச்சத்தைத் தொட்ட இடத்தில் நிறுத்தி இறுக்கினேன்.

நேரம் பிடித்தது கேபிள் முனையில் மாட்டும் எஃப் கனெக்டரில்தான். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி.-6 கேபிளின் வெளித்தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கம்பிப் பின்னலை வெளிப்பக்கமாக மடித்து, வெள்ளை நுரையை வெட்டி, நடுக்கம்பியை வெளியே விட வேண்டும். பின்னலில் ஒரே ஒரு இழை, தலைமுடி போல மெல்லியது, நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். கனெக்டரைத் திருகுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் விடாதீர்கள். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பை விட்டு இரண்டு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்.ஜி.-6 ஆகவே இருந்தாலும் மேல் அதிர்வெண்ணில் 100 மீட்டருக்குச் சுமார் 30 டெசிபெல் இழப்பு உண்டு. வீட்டு நீளத்துக்கு அது தாங்கும். மலிவான கேபிளில் நடுவே செம்புப் பூச்சு போட்ட இரும்புக் கம்பி இருக்கும். அதில் நீளம் கூடினால் வோல்டேஜும் வழியிலேயே குறையும். மாடியில் இருக்கும் கனெக்டருக்கு ரப்பர் உறையோ தன்னோடு தானே ஒட்டும் டேப்போ கட்டாயம். கேபிளை எல்.என்.பி.யிலிருந்து சற்றே தொங்கவிட்டு வளைத்துக் கட்டினால் மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

இப்போது இரண்டு அறையும் தன் போக்கில் ஓடுகிறது. கனமழையில் மட்டும் இரண்டும் சேர்ந்தே போகும், அதற்கு ட்வினும் ஒன்றும் செய்ய முடியாது. சுவரில் குழாய் அடைத்துப்போய் இரண்டாவது கேபிளுக்கு இடமே இல்லை என்றால், ஒற்றைக் கேபிளில் பல பாக்ஸ் ஓட்டும் யுனிகேபிள் வகை எல்.என்.பி. இருக்கிறது. ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி அதிர்வெண் ஒதுக்கி, ஒருவர் கட்டளை மற்றவரைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்ளும். அதோடு போடும் ஸ்ப்ளிட்டர் எல்லா முனையிலும் மின்சாரம் விடும் வகையாக இருக்க வேண்டும். பாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் யுனிகேபிள் அல்லது எஸ்.சி.ஆர். என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். அது இல்லாத பாக்ஸில் இந்த ஏற்பாடு வேலை செய்யாது.