அருங்காட்சியகத்தில் ஒரு செருப்பு ஸ்டாண்ட்

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய ஸ்கேட்போர்டு வீடியோக்களைத் திரையிட்டு, எடுத்தவர்களைக் கௌரவிக்கிறார்கள் என்று மகன் என்னை இழுத்துக்கொண்டு போனான். பிறந்தநாளுக்கு வாங்கிய புத்தம்புது போர்டு அவன் கக்கத்தில்.

வாசலிலேயே அறிவிப்பு: வளாகத்துக்குள் ஸ்கேட்டிங் கூடாது. கூப்பிட்டதே அதைக் கொண்டாடத்தான்! போர்டுகளை வாங்கி வைக்க ஒரு மேசை, ஒரு பெண், டோக்கன். நரைத்த தாடிக்காரர்கள் வரிசையில் நின்று பயபக்தியோடு கொடுத்தார்கள். எனக்கு ஊர்க் கோயில் செருப்பு ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது, கூடவே பயமும். செருப்பென்றால் ஒன்றை இந்த மூலையிலும் மற்றதை அந்த மூலையிலும் விட்டுத் தப்பிக்கலாம். இது ஒற்றைப் பலகையாயிற்றே.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் சோனி விஎக்ஸ்1000, 1995இல் வந்த கேமரா. படம் எடுப்பவரும் இன்னொரு போர்டில் ஏறி, மேல் கைப்பிடியைப் பிடித்துத் தரையை ஒட்டி இதைத் தொங்கவிட்டபடி கூடவே உருண்டு போவாராம். முன்னால் போகிறவன் விழுந்தால் இவர் கதியும் அதுதான்.

திரையில், 1984இல் ஸ்டேசி பெரால்டா எடுத்த 'போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ'வில், பிற்பாடு உலகப் புகழ் பெற்ற ஸ்கேட்டர் டோனி ஹாக் ஒல்லிப் பையன். 1991இல் வந்த 'வீடியோ டேஸ்' எடுத்த ஸ்பைக் ஜோன்ஸ் பிற்பாடு ஆஸ்கர் வாங்கியவர் என்று மகன் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரங்கமோ ரஜினி படத்தின் முதல் நாள் முதல் காட்சி மாதிரி. அடுத்த காட்சி வருவதற்குள் விசில். படிக்கட்டுக் கம்பியில் வழுக்கி இறங்கியவனுக்குக் கைதட்டல், அதே கம்பியிலிருந்து விழுந்தவனுக்கு இன்னும் பெரிய கைதட்டல். முன்வரிசைக்காரர் ஒவ்வொருவர் விழும்போதும் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

நான் பயந்தது நடந்தது. டோக்கனுக்குக் கிடைத்தது வேறு போர்டு. ஓரமெல்லாம் தேய்ந்து, படமெல்லாம் உரிந்து, எலி கடித்த மாதிரி. சண்டைக்குக் கிளம்பினேன். மகன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, ஒண்ணும் கேக்காதீங்க. வாங்க, போயிடலாம்."

கார் கதவைத் திறக்கும்போது அந்த முழங்கால்காரர் மூச்சிரைக்க வந்துவிட்டார், கையில் எங்கள் போர்டு. கோயிலில் யாரும் என் செருப்போடு இப்படி ஓடி வந்ததில்லை. நன்றி சொல்லி மாற்றிக்கொண்டோம்.

வண்டியில் திருப்பிப் பார்த்தால் போர்டின் அடியில் நீளமாக ஒரு கீறல். வாசலில் ஒரு படிக்கட்டு, அதற்கு ஒரு கம்பி இருந்தது ஞாபகம் வந்தது. மனிதர் நடந்து வரவில்லை. மகன் அந்தக் கீறலை வீடு வரை தடவிக்கொண்டே வந்தான்.