எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்குக் காப்பர் ஃபோம் எடுக்கப் போகிறீர்களா?

மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டு, வினையூக்கியில் ப்ராஜெக்ட் தேடும் ஜூனியர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது காப்பர் ஃபோம்தான், அதாவது தகட்டின் மேல் மின்சாரத்தால் படியவைக்கும், துளைகள் நிறைந்த செப்பு நுரை. ஃபர்னஸ் வேண்டாம், ஆட்டோகிளேவ் வேண்டாம். 0.4 மோலார் காப்பர் சல்பேட், 1.5 மோலார் சல்பூரிக் ஆசிட், எமெரி ஷீட்டால் தேய்த்த செப்புத் தகடு, டிசி பவர் சப்ளை இருந்தால் போதும். சதுர செ.மீ.க்கு 3 ஆம்பியர் கொடுத்தால் 20 விநாடியில் நுரை படிந்துவிடும். பொட்டென்ஷியோஸ்டாட் (மின்வேதியியல் சோதனைக் கருவி) பலவும் அவ்வளவு கரண்ட் தராது, அதனால்தான் பவர் சப்ளை. ஃப்யூம் ஹூடுக்குள் செய்யுங்கள், ஆசிட் தெறிக்கும்.

செய்வது சுலபம் என்பதாலேயே வைவாவில் கேள்விகள் வேறு பக்கம் திரும்பும். துளை எப்படி வந்தது என்பார்கள். அவ்வளவு கரண்டில் செம்போடு ஹைட்ரஜனும் சேர்ந்து வெளிவருகிறது. குமிழி உட்கார்ந்த இடத்தில் செம்பு படியாது, சுற்றித்தான் படியும். மேலே போகப் போகக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதால் துளையும் பெரிதாகும். இதைக் கணக்கோடு சொல்லுங்கள். 1 சதுர செ.மீ. தகட்டில் 3 ஆம்பியர், 20 விநாடி என்றால் 60 கூலும். மொத்தமும் செம்புக்கே போயிருந்தால் ஏறத்தாழ 20 மில்லிகிராம் படிய வேண்டும். முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள், குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறை பெரும்பாலும் ஹைட்ரஜனுக்குப் போன கரண்ட். (உதிர்ந்த தூளை எடையில் விட்டுவிடாதீர்கள்.)

நம்ம ஊர் போர் தண்ணீரில் எதையும் கழுவாதீர்கள். படியவைக்கும் கரைசலில் குளோரைடு கொஞ்சம் கலந்தாலே நுரைச் சுவரின் அமைப்பு மாறும் என்று 2004-லேயே ஆய்வு வந்திருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர், பிறகு எத்தனால், உடனே டெசிக்கேட்டர் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்). ஈரத்தோடு விட்டால் செந்நிறம் கறுத்துவிடும். SEM (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுக்கக் காரைக்குடி வரை பஸ்ஸில் கொண்டுபோவதானால் தகட்டின் பின்பக்கத்தை பெட்ரி டிஷ்ஷில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். குலுங்கினால் நுரை உதிரும்.

வினைக்கு 4-நைட்ரோஃபீனால், சோடியம் போரோஹைட்ரைடு எடுங்கள். மஞ்சள் மறைவது கண்ணுக்கே தெரியும். யுவி ஸ்பெக்ட்ரத்தில் 400 நானோமீட்டர் சிகரம் இறங்கும், 300 பக்கம் விளைபொருளான 4-அமினோஃபீனாலின் புதிய சிகரம் எழும். ஆனால் "வெறும் தகட்டைவிட நுரை பல மடங்கு வேகம்" என்று உடனே எழுதிவிடாதீர்கள். தகட்டின் பரப்பு 1 சதுர செ.மீ. என்றாலும் நுரையின் உண்மைப் பரப்பு அதைவிட எவ்வளவோ அதிகம். இரட்டை அடுக்கு மின்தேக்குத் திறனை (கரைசலைத் தொடும் பரப்பு எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்குகிறது என்பதை) அளந்து அதை மதிப்பிடலாம். அந்தப் பரப்பால் வகுத்த பிறகும் வேகம் கூடுதலாக நின்றால்தான் நுரைக்கென்று தனிக் குணம் உண்டு என்று சொல்ல முடியும். வெறும் தகட்டையும் இதே மாதிரி ஓட்டி, பக்கத்தில் வையுங்கள்.

இன்னொன்றை என் கைடு வலியுறுத்திச் செய்யச் சொன்னார், இப்போது நானும் எல்லோரிடமும் சொல்கிறேன். வினை பாதியில் இருக்கும்போது நுரையை வெளியே எடுத்துவிட்டு, கரைசலை மட்டும் தொடர்ந்து அளந்து பாருங்கள். அப்போதும் 400 சிகரம் இறங்கிக்கொண்டே போனால், வேலை செய்வது தகட்டில் ஒட்டியிருந்த நுரை மட்டுமல்ல, உதிர்ந்து கரைசலில் மிதக்கும் செம்புத் துகளும்தான்.