பலா அலுமாரிக்கு ஏற்ற கட்டில்

ஜூலை 14
அறையில் அம்மாவின் பலா அலுமாரியும் கண்ணாடி மேசையும் இருக்கின்றன, கட்டில் மட்டும் இரும்பு. அதை மாற்றிக் கையால் செய்விப்பதென்று முடிவெடுத்தாயிற்று. முதல் வேலையாக அலுமாரியை அளந்தேன். கதவுச் சட்டம் இரண்டரை அங்குலம், தலைப்பில் ஓடும் வளைவுப் பட்டி 3 அங்குலம், கால்கள் கீழே போகப் போக ஒடுங்குகின்றன, கடைசல் வேலை எங்குமே இல்லை. அப்போ கட்டிலுக்கும் கடைசல் கால் வேண்டாம். நிறம் ஒத்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டத்தின் பருமனும் விளிம்பின் வளைவும் ஒத்துவந்தால்தான் கண் ஏற்கும்.

ஜூலை 21
படம் கீறினேன். மெத்தை 75க்கு 60 அங்குலம், விரிப்புச் செருகச் சுற்றிவர அரை அங்குலம் விடவேண்டும். தலைமாடு 42 அங்குல உயரம், அலுமாரிக் கதவின் நடுச்சட்டமும் அந்த மட்டத்தில்தான் வருகிறது. அம்மா இருந்து எழும்ப வசதியாக மெத்தையோடு சேர்த்து 20 அங்குலம். 60 அங்குல அகலத்துக்கு நடுவிலும் ஒரு விட்டம், அதற்கொரு கால்.

ஜூலை 28
மரக்காலைக்குப் போனோம். தேக்கு அழகுதான், முதிரை இன்னும் உறுதி, ஆனாலும் பலாவுக்குப் பக்கத்தில் பலாதான் சரி. புதுப் பலகை நல்ல மஞ்சள், அலுமாரியோ நாள்பட்டு மண்ணிறமாகிவிட்டது, அதனால் நிறம் பூசலாமா என்று கட்டில் செய்யும் ஓடாவி ஐயாவைக் கேட்டேன். “பிள்ளை, இப்ப கறுப்பு அடிச்சால் பிறகு அலுமாரியை விடக் கறுத்துப் போகும். விடுங்கோ, வெளிச்சம் படப் பட அதுவாய் வரும்” என்றார். நிறமில்லாத பொலிஷ் மட்டும் போடுவதாகப் பேசிக்கொண்டோம்.

ஓகஸ்ட் 11
தலைமாட்டுச் சட்டத்துக்குக் கழுந்தும் துளையும், அதாவது ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி மற்றதின் துளைக்குள் இறுக்குவது. பக்கச் சட்டங்கள் போல்ட்டில் பூட்டுவது, இல்லாவிட்டால் எங்கள் அறைக் கதவுக்குள்ளால் கட்டில் போகாது. தலைமாட்டின் நடுப் பலகையை ஐயா ஒட்டவில்லை, சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதற்குள் சும்மா செருகி, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார். இப்போது சோளகம் வீசுகிறது, மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், மாரி வந்தால் ஈரம் குடித்து அகலும், அசைய இடமில்லாமல் இறுக்கி ஒட்டினால் பலகை வெடித்துவிடும். அலுமாரிக் கதவுகளும் இப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன, தட்டிப் பார்த்தேன், பலகை மெதுவாக ஆடுகிறது.

செப்டம்பர் 8
அறைக்குள் கொண்டுவந்து பூட்டியாயிற்று. மஞ்சள் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் சட்டமும் பட்டியும் அலுமாரியோடு அப்படியே சேர்கின்றன, பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். போல்ட் தலைகளை மூட, அலுமாரிக் கைபிடி மாதிரியே பித்தளை மூடி போட்டிருக்கிறார். மிஞ்சிய பலகையில் லாச்சி வைத்த ஒரு சின்ன மேசை கேட்டிருக்கிறேன், அதன் தட்டு மெத்தை மட்டத்துக்கு, 20 அங்குலத்தில் வரவேண்டும். அளவை எழுதிக் கொடுத்துவிட்டேன்.