விசுவமடுவில் ஒரு பழைய கிரவுன்: ஏழு வருடக் கொப்பி

போன கிழமை ஒயில் மாற்றிய கணக்கை எழுதக் கொப்பியைத் திறந்தபோதுதான் கவனித்தேன், கார் வீட்டுக்கு வந்து ஏழு வருடம் முடிந்துவிட்டது. 2018இல் வவுனியாவிலிருந்து ஓட்டிவந்த நாள் தொடக்கம் இன்றுவரை 71,400 கிலோமீற்றர். வழியில் நின்று கயிறு கட்டி இழுத்துவந்தது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் இதில் கூடுதலாக எழுதப் போகிறேன்.

கார் 1989ஆம் ஆண்டு ரொயோற்றா கிரவுன். 2446 சிசி டீசல் எஞ்சின், டர்போ கிடையாது, ஐந்து கியர். இப்போது வரும் கார்களைப் போல உடம்பே எலும்பாக இருக்கும் கட்டுமானம் இல்லை. கீழே தனிச் சட்டகம், அதன்மேல் உடம்பு. கிரவல் றோட்டில் ஓடும்போது அந்த வித்தியாசம் தெரியும். குழி விழுந்த இடத்தில் சத்தம் கீழேயே நின்றுவிடும், உள்ளே இருப்பவரின் முதுகுக்கு வராது.

எனக்கு அதுதான் தேவைப்பட்டது. அப்பாவை மாதம் ஒருக்கா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கு முழங்கால் மடங்காது. சின்னக் காரின் பின் சீற்றில் ஏற்றி இறக்குவதற்குள் அவர் முகம் வெளிறிவிடும். கிரவுனில் கதவைத் திறந்தால் காலை நீட்டியபடியே உள்ளே போய்விடுவார்.

அப்பாவுக்கும் பெரிய காருக்கும் பழைய உறவு உண்டு. எங்கள் வளவில் முன்பு நின்றது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் கண்ணால் காண முடியாது. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து அதில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அதுவும் ஓடியது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் ஒயில் கம்பியை இழுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்து, மணந்து பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். 2009இல் புதுக்குடியிருப்புக்கு அங்கால் ஒரு தென்னங்காணிக்குள் அந்தக் காரை விட்டுவிட்டு நடந்தோம். அதன் திறப்பு இன்னும் அவருடைய பெட்டிக்குள் இருக்கிறது.

சரி, கிரவுனுக்கு வருகிறேன்.

வாங்கிய முதல் வருடமே ஒரு குறை தெரிந்தது. ஏ9 றோட்டில் எண்பதில் ஓடினால் வெப்ப முள் பாதிக்குக் கீழே அசையாமல் நிற்கும். கிளிநொச்சி சந்தையடியில் ஊர்ந்தாலோ, முறிகண்டிப் பிள்ளையாரடியில் எஞ்சினை நிறுத்தாமல் ஆள் இறங்கிக் கச்சான் வாங்கிவரும் வரை நின்றாலோ முள் மெல்ல மேலே ஏறும். திரும்ப ஓடத் தொடங்கினால் இறங்கிவிடும். நான் அதை வன்னி வெக்கை என்று நினைத்து விட்டுவிட்டேன். அது சரியான பிழை. ஓடும்போது காற்று தானாக வந்து ரேடியேற்றரில் அடிக்கிறது, நிற்கும்போது விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். ஆகவே ஓடும்போது சூடு ஏறினால் முதலில் ரேடியேற்றரைச் சந்தேகிக்க வேண்டும், நிற்கும்போது ஏறினால் விசிறியை. என்னுடைய கார் ஒரு வருடமாக விசிறி, விசிறி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

2019 ஆவணியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு உள்றோட்டில் நாலு நெல் மூட்டையோடு இரண்டாம் கியரில் போய்க்கொண்டிருந்தேன். முள் சிவப்பைத் தொட்டதை நான் காணவில்லை. புழுதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பொனற்றுக்கு அடியிலிருந்து ஆவி வந்தபோதுதான் நிறுத்தினேன். அன்றைக்கு ஒரு உழவு மெஷின்காரர் வீடுவரை இழுத்துவந்து விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பார்த்தது கிளிநொச்சியில் ஒரு வயதான மெக்கானிக் அண்ணை. அவர் எடுத்தவுடன் ஸ்பானரைத் தொடவில்லை. "தம்பி, இண்டைக்கு விடு. நாளைக்கு விடிய, எஞ்சின் குளிர்ந்து கிடக்கேக்க வாறன்" என்றார். அடுத்தநாள் காலை வந்து முதலில் ரேடியேற்றர் மேல்குழாயைக் கையால் அமத்தினார். இரவு முழுக்க ஆறிக் கிடந்த குழாய் கல்லுப் போல இறுகி இருந்தது. மூடியைக் கழற்றி, தண்ணீரை வாய்வரை நிரப்பி, ஸ்ராட் செய்யச் சொன்னார். தண்ணீருக்குள் சின்னச் சின்னக் குமிழ்கள் வரத் தொடங்கின. உள்ளே நின்ற காற்று என்றால் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. சோறு கொதிப்பதுபோல ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் வருகிறது. ஒன்றில் எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள காஸ்கற் என்ற அடைப்புத் தகடு போயிருக்கும், இல்லாவிட்டால் ஹெட்டே வெடித்திருக்கும். சூடு மிஞ்சினால் ஹெட் வெடிப்பது 2எல் என்ற இந்த ரக எஞ்சினுக்கு ஊரறிந்த பலவீனம்.

கழற்றிப் பார்த்தோம், ஹெட்தான். இரண்டு வால்வுகளுக்கு நடுவில் தலைமயிர் அளவில் ஒரு கோடு. அண்ணை அதை நகத்தால் வருடிக் காட்டினார்.

ஆனால் அன்று நான் படித்த பெரிய பாடம் ஹெட்டில் இல்லை, தண்ணீர் குழாயின் வாயில் இருந்தது. சூட்டுக்கு ஏற்றபடி தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தேமோஸ்ரற் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் ஊர்களில் இது வழக்கம். குளிர் நாட்டுக்குத்தான் தேமோஸ்ரற், இந்த வெக்கைக்கு அது தேவையில்லை என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். இந்த வகை ரொயோற்றா எஞ்சினில் அது தலைகீழான வேலை. சூடானதும் தேமோஸ்ரற் ரேடியேற்றர் வழியைத் திறக்கும். அதே நேரத்தில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்குவழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி எந்நேரமும் திறந்தபடி. ரேடியேற்றருக்குப் போகவேண்டிய சுடுதண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பவும் எஞ்சினுக்குள் போய்விடும். சூட்டைக் குறைக்க என்று செய்த வேலையே சூட்டைக் கூட்டியிருக்கிறது. உங்களிடம் இப்படி ஒரு கார் இருந்தால், இதை மட்டுமாவது இன்றைக்கே திறந்து பாருங்கள்.

மற்றது தண்ணீர். ரேடியேற்றர் தாங்கியைக் கழற்றி உள்ளே பார்த்தால், கேத்தல் அடியில் படிவதுபோல வெள்ளைப் படை. கிணற்றுத் தண்ணீரையே வருடக்கணக்காக ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் பக்கக் கிணறுகளில் அதிகமானவை கடின நீர். மெல்லிய குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு அடைபட்டுப் போயிருந்தது. எஞ்சின் சுற்றை விசிறிக்குக் கடத்தும் கிளச்சும் களைத்துவிட்டது. அதற்குள் இருக்கும் சிலிக்கன் எண்ணெய் கசிந்துபோனால், எஞ்சின் சுற்றினாலும் விசிறி சோம்பலாகத்தான் சுற்றும். எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்திவிட்டு, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் தெரிய வேண்டும். என்னுடையது பம்பரம் போலச் சுற்றியது.

ஹெட்டுக்குக் கொழும்புக்குப் போனேன். பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய ஹெட் கிடைக்கும், ஆனால் அதுவும் வெடித்ததா என்று பார்வைக்குத் தெரியாது. வாங்குவதற்கு முன் அழுத்தம் வைத்துப் பார்க்கவேண்டும் என்று அண்ணை சொல்லிவிட்டிருந்தார். முதலாவது ஹெட்டை அடைத்துக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். ஓரிடத்தில் குமிழ் வந்தது. இரண்டாவது நின்றது. அதை லேத்தில் மட்டம் பார்த்து, புது காஸ்கற், புது போல்ற், புது தேமோஸ்ரற், புது விசிறிக் கிளச், ரேடியேற்றருக்குப் புது அடுக்கு. செலவு என்னுடைய மூன்று மாதச் சம்பளம். அன்றிலிருந்து ஊற்றுவது ஆர்ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீரும் கூலன்றும் பாதிக்குப் பாதி. குடிக்க வாங்கும் கானில் இரண்டு லீற்றர் காருக்கும் போகிறது. கூலன்றை இரண்டு வருடத்துக்கு ஒருக்கா முழுக்க வடித்து மாற்றுகிறேன். ஆறு வருடமாக முள் பாதிக்கு மேல் போகவில்லை, முறிகண்டியில் எவ்வளவு நேரம் நின்றாலும்.

2022 வேறு விதமான சோதனை. ஆனி மாத முடிவில் டீசல் லீற்றர் 460 ரூபா, அதுவும் கிடைக்காது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபிறகு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். இந்தக் கார் லீற்றருக்குப் பத்து, பதினொன்று கிலோமீற்றர் தரும். யாழ்ப்பாணம் போய்வந்தால் மிச்சம் கொஞ்சம். அப்பாவின் கிளினிக்குக்கு என்று ஒதுக்கிவிட்டு மற்ற நாட்களில் சைக்கிள்தான். நிற்கும் கார் ஓடும் காரைவிடக் கெதியாகக் கெடும் என்பதை அந்த மாதங்களில் கண்டேன். பின் பிரேக் பிடித்துக்கொண்டது. பற்றரி இறந்தது. எலி புகுந்து விளக்கு வயரைக் கடித்துவிட்டது. கானில் சேர்த்துவைத்த டீசலில் தண்ணீர் இருந்திருக்கிறது. பில்ரரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தியபோது அரைக் கோப்பை கலங்கல் தண்ணீர் வடிந்தது. அது பம்புக்குள் போயிருந்தால் ஹெட் செலவைவிடக் கூடியிருக்கும். இப்போது மாதம் ஒருக்கா அந்தத் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடித்துப் பார்க்கிறேன்.

வால்வுகளை எஞ்சின் சுற்றோடு ஒத்து இயக்கும் ரைமிங் பெல்ற்றை 2023இல் மாற்றினேன். டாஷ்போர்ட்டில் அதற்கென்றே ஒரு விளக்கு, ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா எரிய வேண்டும். முந்தினவர் பல்பையே கழற்றி வைத்திருந்தார். கிலோமீற்றர் முள்ளையும் நம்ப முடியாது. வாங்கியவுடன் ஒரு பெல்ற் போட்டேன், பிறகு ஐந்து வருடத்தில் அடுத்தது. அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதும், அதில் காசு மிச்சம் பிடிக்க எனக்குத் துணிவில்லை.

காற்றுப் பில்ரரை ஒவ்வொரு 1,500 கிலோமீற்றருக்கும் உள்ளேயிருந்து வெளியே காற்றடித்துத் தட்டுகிறேன். ஒயில் 5,000த்துக்கு. புகைப் பரிசோதனைக்குப் போகும்போது பரந்தன் வரை நன்றாக ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போவேன். ஏழு வருடமும் முதல் தடவையிலேயே தேறியிருக்கிறது.

கவலை இப்போது கறள். சட்டகம்தான் இந்தக் காரின் பலம், ஆனால் அது உள்ளே பொள்ளலான பெட்டி. முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய்வரும் நாட்களில் உப்பு மண் அதற்குள் தங்கிவிடும். கிரவல் சேறு அதன்மேல் ஈரம் காக்கும். மேலே பெயின்ற் பளபளவென்று இருக்கும், கீழே சத்தமில்லாமல் தின்னும். போன மாதம் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டு போனேன். வலது பின் சில்லுக்கு முன்னால் சத்தம் மாறியது. "ணங்" என்று வந்துகொண்டிருந்தது அந்த இடத்தில் "பொத்" என்றது. திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறது. கையகலம் இருக்கும்.

வாற கிழமை அந்தத் துண்டை வெட்டி எடுத்து, மூன்று மில்லிமீற்றர் தகட்டில் புதிதாகச் செய்து வெல்டிங் பண்ண நாள் குறித்திருக்கிறோம். டீசல் தாங்கி பக்கத்தில் இருப்பதால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். பிறகு பெட்டிக்குள் குழாய் விட்டு, சூடாக்கிய மெழுகும் பழைய ஒயிலும் கலந்து அடிக்கப் போகிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் முடிய வேண்டும். அப்பா தானும் கராஜுக்கு வருகிறாராம், கதிரை ஒன்று ஏற்றிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்.