பழைய ரவுட்டருக்குப் புது ஃபர்ம்வேர்

நேற்று இரவு வேலூர் சத்துவாச்சாரி வீட்டு ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டரை இயக்கும் மென்பொருளை, புதுப்பித்தேன். ரவுட்டரைச் செய்த கம்பெனி அதற்கு அப்டேட் தருவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. 2004-இல் தொடங்கிய இந்தத் திறமூலத் திட்டம்தான் இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் தருகிறது. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

செட்டிங்ஸை பேக்கப் எடுத்து, ஃபர்ம்வேர் கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று எஸ்எச்ஏ256 (SHA256) குறியீட்டை வைத்துச் சரிபார்த்தேன். மாடல் பெயர் மட்டும் போதாது, அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் ஹார்ட்வேர் வெர்ஷனும் பொருந்த வேண்டும். புதுப்பிக்கும்போது வைஃபை வேண்டாம், லேன் கேபிள்தான் நம்பகம்.

வேலூர் வெயில் காலத்தில் கரண்டை நம்ப முடியாது. ஃபர்ம்வேர் எழுதும் நேரத்தில் போனால் ரவுட்டர் எழாமலே போகலாம். அதனால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன்.

விளக்கு படபடவென்று மினுக்கியது, அணைந்தது, மறுபடி மினுக்கியது. எதையும் தொடாமல் காத்திருந்தேன். அப்புறம் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கமான 192.168.1.1 திறந்தது, பழைய செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே. உள்ளறையிலிருந்து அம்மா, "நெட் வந்துடுச்சுப்பா!" என்றார்.